முதல் டம்ளர் கஞ்சி

மதுரை ஆஸ்பத்திரி மேட்ரனைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, சாத்தூர் வாசகி ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். “எப்போது பார்த்தாலும் அடுத்தவர்கள் செய்த தப்பைத்தான் எழுதுகிறீர்கள். நீங்கள் ஒன்றுமே செய்யவில்லையா?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. செய்திருக்கிறேன். இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

போர்மேன் தவசிலிங்க அண்ணாச்சி ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. வேட்டியைத் தொடைக்கு மேலே அள்ளிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, கரிசல் புழுதி பறக்க, கம்பெனி மைதானத்தின் குறுக்கே என்னை நோக்கி ஓடி வந்தார். நான் கையில் கரண்டியோடு தொட்டில் ரூம் வாசலில் நின்றிருந்தேன்.

அவர் ஓடியதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். காலடியில் பாம்பு வந்தாலும் நடந்துதான் போக வேண்டும். ஒருத்தர் ஓடினால் எல்லோரும் தீப்பிடித்துவிட்டது என்று ஓடுவார்கள், விழுவார்கள், மிதிப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஒருமுறை மழைக்குப் பயந்து ஓடிய ஒருவரை, மறுபடி கேட் வரை போகச் சொல்லி நனைந்துகொண்டே நடந்து வர வைத்தவர் அவர்.

தொட்டில் ரூம்

நான் விருதுநகர்க்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் ஜெபத்துக்கு அடுத்தபடி முக்கியமானது சோப்பு. மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்த கையோடு, ஆமத்தூர் தாண்டி சிவகாசி போகிற வழியில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. வாய்க்கு வயது இன்னும் கொஞ்சம் கூடுதல்.

பெண்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் அவர்கள் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. முதலாளி யோசித்தார். மூலப்பொருள் ஸ்டோரின் நடுவே ஓர் அலமாரியை நிறுத்தி, ஒரு பாதியைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார். அந்த அலமாரிக்கு முதுகுப் பலகை கிடையாது. இந்தப் பக்கம் நின்று நாங்களும் எடுக்கலாம், அந்தப் பக்கம் நின்று ஸ்டோர்க்காரர்களும் எடுக்கலாம். இதில் என்ன ஆபத்து என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. படித்தவளாகிய எனக்கும் தோன்றவில்லை.

பதினோரு பிள்ளைகள். ஆறு சேலைத் தொட்டில். உதவிக்கு ஆயா பேச்சியம்மாள். அவளுக்கு என் அம்மா வயது இருக்கும். என்னைக் கண்டாலே பெருமூச்சு விடுவாள்.

காலை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பால் கஞ்சி. நொய்யரிசிக் கஞ்சியில் தரும உதவியாக வந்த பால் பவுடரைக் கலக்கித் தருவோம். வேலையை விட்டு அம்மாக்கள் கால் மணி நேரம் வந்து தங்கள் பிள்ளைக்குத் தாங்களே ஊட்டிவிட்டுப் போவார்கள்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பால் ஆகாது. அதிலும் அந்தப் பவுடர்ப் பாலின் வாடை மூக்கில் ஏறினால் குடலைப் புரட்டும். கஞ்சியைக் கலக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கலக்குவேன்.

வெள்ளிப் பிள்ளைகள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தொட்டிலில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்துத் திகைத்துப் போனேன். பாதிப் பிள்ளைகளுக்குக் கன்னம் வெள்ளியாகப் பளபளத்தது. மூக்கு நுனி வெள்ளி. ஒருத்திக்கு நாக்கே வெள்ளி.

மத்தாப்புக்குச் சேர்க்கும் அலுமினியப் பொடிதான் அது. அம்மாக்கள் கையில் ஒட்டி வந்து பிள்ளையின் வாய் வரைக்கும் போயிருந்தது. “நல்லாத்தான இருக்கு, நகை போட்ட மாதிரி” என்றாள் பேச்சியம்மாள்.

அன்றைக்கே சட்டம் போட்டேன். வாசலில் வாளித் தண்ணீர், சிவப்பு கார்பாலிக் சோப். கையைக் கழுவி, என்னிடம் காட்டி, நான் முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். ஒருத்தி கழுவாவிட்டாலும் ஒரு பிள்ளைக்கும் கஞ்சி கிடையாது. எல்லோரும் சேர்ந்து அந்த ஒருத்தியைத் திட்டிக் கழுவ வைப்பார்கள் என்பது என் தந்திரம்.

பேச்சியம்மாளுக்கும் ஒரு சட்டம் உண்டு. அவள் கஞ்சியைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத்தான் இறக்குவாள். எச்சில், அசிங்கம், இனிமேல் கூடாது என்று நிறுத்திவிட்டேன். “ருசி பாக்காம எப்படித்தா இறக்குறது?” என்று கேட்டாள். “கடிகாரத்தைப் பாத்து இறக்குங்க” என்றேன்.

தண்ணீர் வண்டி ஒருநாள் வந்தால் மறுநாள் வராத ஊர் அது. குடிக்கவே அளந்து ஊற்றும் இடத்தில் கை கழுவ ஒரு வாளி என்றதும் ஆபீஸே கலகலத்துப் போனது. ஆனால் இரண்டு மாதத்தில் பிள்ளைகளுக்குப் பேதி குறைந்தது. முதலாளி வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தலை கனத்துப் போயிற்று.

நீலக் கைகள்

கதையை விட்டு ஒரு நிமிடம் விலகுகிறேன். சுத்தத்தைப் பற்றி எழுதும்போது அந்தப் பக்கத்துத் தீக்காய வைத்தியத்தைச் சொல்லாமல் விட முடியாது.

கையில் சுட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு மருந்து வைத்திருப்பார்கள். வீட்டில் இருந்தால் இட்லி மாவு. வேலைக்குப் போன இடத்தில் பல்பொடி. அச்சாபீஸ் என்றால் அங்கே இருக்கிற மை. எங்கள் கம்பெனி கிளார்க்கிடம் பேனா மை. யாருக்குச் சூடு பட்டாலும் என் முதலுதவிப் பெட்டிக்கு முன்பாக அவருடைய மைக்கூடு போய் நிற்கும். என்னிடம் வந்து சேரும்போது காயம் எவ்வளவு பெரியது என்று தெரியாது. நீலமாகத்தான் தெரியும்.

நான் அவரோடு சண்டை போட்டேன். “பச்சத்தண்ணி ஊத்துனா போதும், கிளார்க் சார்” என்பேன். “தண்ணியே இல்லாத ஊர்ல மையாச்சும் இருக்கேன்னு சந்தோசப்படுங்க, சிஸ்டர்” என்பார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வருவார்.

நான் கழுவியது

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அந்த முதுகில்லாத அலமாரியில் ஒரே அளவான பிஸ்கட் டின்கள் ஆறு இருந்தன. எறும்பு ஏறாமல் இருக்க மூன்றில் எங்கள் பால் பவுடர். ஈரம் படாமல் இருக்க மற்ற மூன்றில், மத்தாப்பில் பச்சை வெளிச்சம் வருவதற்காகச் சேர்க்கும் வெள்ளை உப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த உப்பு வயிற்றுக்குள் போனால் பெரியவர்களே தாங்க மாட்டார்கள். ஒவ்வொரு டின்னிலும் பேர் எழுதிய காகிதம் பசை போட்டு ஒட்டியிருந்தது.

அந்தக் காகிதங்களின் மேல் பல்லி எச்சம், நூலாம்படை, எண்ணெய்க் கை. மேட்ரன் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டோர்க்காரர் வீட்டுக்குப் போன பிறகு, பேச்சியம்மாளும் நானும் ஆறு டின்களையும் இறக்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். மூஞ்சி தெரிகிற மாதிரி பளபளத்தன. காகிதம் எல்லாம் சாம்பலோடு போய்விட்டது.

“பேரு போச்சேத்தா” என்றாள் பேச்சியம்மாள். “திங்கக்கிழமை புதுசா எழுதி ஒட்டிக்கலாம். இப்போதைக்கு இடது பக்கம் பாலு, வலது பக்கம் உப்பு. சரியா?” என்று சொல்லிவிட்டு, தேய்க்கும்போதே பிரித்து வைத்திருந்த டின்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது பால், இது உப்பு என்று கையில் கொடுத்தேன். அவள் சரியென்று அடுக்கினாள்.

நான் தொட்டில் ரூம் பக்கம் நின்றேன். அவள் அலமாரிக்கு அந்தப் பக்கம், ஸ்டோருக்குள் நின்று அடுக்கினாள். அவளுடைய இடது எனக்கு வலது. பால் இருந்த இடத்துக்கு உப்பும், உப்பு இருந்த இடத்துக்குப் பாலும் போய்விட்டன.

நாடு முழுவதற்கும் லேபிள் அச்சடித்துக் கொடுக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்கள் அலமாரியில் மட்டும் ஒரு லேபிள் இல்லை.

எந்தக் கையை எங்கே கொண்டு போவது

திங்கட்கிழமை காலை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். லேபிள் மறந்துபோனது. இடது பக்க டின்னைத் திறந்து கஞ்சியில் கொட்டிக் கலக்கினேன், வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு. வாடை அடிக்கவில்லை. டின்னைச் சுத்தமாகக் கழுவியதால்தான் வாடை போய்விட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். என்னைப் போன்ற புத்திசாலிகளுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

பத்து மணிக்கு அம்மாக்கள் வந்தார்கள். பத்துப் பேர் கழுவினார்கள். குருவம்மா கழுவவில்லை.

குருவம்மா அலுமினியப் பொடி சலிக்கும் ஷெட்டில் இருந்தவள். மெலிந்த உடம்பு, அழுத்தமான ஆள். மகள் பொன்னுத்தாய்க்கு இரண்டு வயது. அதற்கு முந்தின பிள்ளையைப் பேதியில் பறிகொடுத்தவள்.

“கழுவிட்டு வா” என்றேன்.

“மாட்டேன், சிஸ்டர். சனிக்கிழம வரைக்கும் கழுவுனேன். இன்னைக்குக் காலைல அண்ணாச்சி கண்டிசனாச் சொல்லிட்டாக. ஈரக் கையோட பொடிக்குப் பக்கத்துல வரக் கூடாது, தண்ணி பட்டாப் பொடி சூடாகிப் புடிச்சுக்கிடும்னு. காயட்டும்னு நின்னா, ஏன் லேட்டுன்னு வையுறாக. நீங்க கழுவாட்டிக் கஞ்சி இல்லங்கீக. இருக்கிறது ரெண்டு கைதான். எந்தக் கைய நான் எங்கன கொண்டு போக?”

இன்றைக்கு யோசித்தால் எவ்வளவு சரியான கேள்வி. அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை என்பதுதான் தப்பு. அன்றைக்கு எனக்கு அது ஏறவில்லை. கோபம்தான் ஏறியது.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ கழுவுற வரைக்கும் ஒரு பிள்ளைக்கும் ஊத்த மாட்டேன்.”

“ஊத்தாதீக. எம்புள்ள எம்புட்டு நேரமானாலும் பசி தாங்கும்.”

மற்ற அம்மாக்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் தட்டைத் தட்டின. பேச்சியம்மாள் பெருமூச்சு விட்டாள். நான் வாசலில் கஞ்சிப் பானைக்குக் குறுக்கே கரண்டியோடு நின்றுகொண்டு, என் வாழ்நாளில் சொல்லியிருக்கக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

“ஒரு பிள்ளையை வாரிக் குடுத்தும் உனக்குப் புத்தி வரலையே.”

குருவம்மா என்னைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். நானும் விட்டுக்கொடுக்காமல் நின்றேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

பால்கோவா வாசனை

அதே நேரத்தில் மைதானத்தின் அந்தக் கோடியில் என்ன நடந்தது என்பதை அண்ணாச்சியே பிறகு சொன்னார்.

அன்றைய முதல் கலவையில் ஒரு சிட்டிகையைத் திறந்த வெளியில் பற்ற வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். வைத்தார். பச்சை வரவில்லை. மஞ்சளாக எரிந்து, கறுத்து, கொப்புளித்து அணைந்தது. வாசனை ஒன்று வந்தது. பக்கத்தில் நின்ற ஆள், “பால்கோவா அடிப்பிடிச்ச வாசனை அடிக்கே, அண்ணாச்சி” என்று சிரித்தான்.

அண்ணாச்சிக்கு மாமனார் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த வாசனை அவருக்குத் தெரியும். அவரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. பால் இங்கே வந்திருக்கிறது என்றால், உப்பு எங்கே போயிருக்கிறது?

மணி பத்தைத் தாண்டியிருந்தது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

போர்மேன் ஓடுவதைக் கண்ட ஷெட்டுகள் நிமிடத்தில் காலியாயின. வேலிக்கருவை முள்ளைத் தாண்டிக் குதித்தார்கள். தண்ணீர் வண்டி மாடுகள் மிரண்டு கேட்டோடு வெளியே போய்விட்டன. கிளார்க் தன் நாற்காலிக்குக் கீழே போனார். முதலாளி விஸ்வநத்தம் பக்கம் போயிருந்ததால் தப்பித்தார்.

அவர் ஏன் ஓடி வருகிறார் என்று எனக்குத் தெரியாது. புழுதிக் காலோடு ஒருவர் என் தொட்டில் ரூமுக்குள் வருகிறார். அது மட்டும்தான் தெரிந்தது.

“அண்ணாச்சி, காலைக் கழுவிட்டு உள்ள வாங்க” என்றேன்.

அவர் என்னைத் தள்ளிவிட்டு, பானையை ஓர் உதை விட்டார். கஞ்சி தரையெல்லாம் ஓடியது. அவருடைய வலது காலிலும் கொட்டியது. அடியில் இருந்த கஞ்சி இன்னும் சூடு ஆறவில்லை.

“குடுத்தாச்சா? எந்தப் புள்ளைக்காச்சும் குடுத்தாச்சா?”

“இல்லை. இவ கை கழுவ மாட்டேங்கா” என்று குருவம்மாவைக் காட்டினேன்.

அண்ணாச்சி குருவம்மாவைப் பார்த்தார். அப்படியே கஞ்சிக்குள் உட்கார்ந்துவிட்டார். “நீ நல்லா இருப்ப, தாயி” என்று மட்டும் சொன்னார்.

அப்போது பின்னால் இருந்து கிளார்க் வந்தார். தீ எங்கும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வந்தவர், அண்ணாச்சியின் சிவந்த காலைப் பார்த்தார். நான் தண்ணீர் எடுக்கத் திரும்புவதற்குள் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டார்.

“டின்னுல பேரு இருந்துச்சே”

நீலக் காலை வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அண்ணாச்சி கேட்டார். “டின்னுல பேரு இருந்துச்சே, சிஸ்டர். எங்க?”

ஸ்டோர்க்காரர் வாசலில் வெளிறிப்போய் நின்றார். தன் வேலை போச்சு என்றே நினைத்திருப்பார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போயிருக்கும். இரண்டு மூச்சு நேரம் திறக்கவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

“நான்தான் கழுவினேன், அண்ணாச்சி. அழுக்கா இருந்துச்சுன்னு.”

“தெரியும். அம்புட்டுப் பளபளப்பு இந்தக் கம்பெனியில வேற யாரு கைக்கு வரும்?” என்றார். அவர் வைதிருந்தால் தாங்கியிருப்பேன். கரண்டியைக் கீழே போட்டேன். பதினோரு பிள்ளைகளையும் ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணினேன். பிறகு மூலையில் திரும்பி நின்று அழுதேன்.

குருவம்மா, அண்ணாச்சியின் கால் இருந்த வாளியைத் தள்ளிவிட்டு, வேறு தண்ணீர் மொண்டு, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். முந்தானையில் ஈரம் போகத் துடைத்தாள். பொன்னுத்தாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

புலியும் பாப்பாவும்

அந்த வாரமே அலமாரி போய்ச் சுவர் வந்தது. அண்ணாச்சியும் நானும் முதல் முறையாக உட்கார்ந்து பேசினோம். தொட்டில் ரூமுக்கும் ஷெட்டுக்கும் நடுவே கயிறு கட்டி, உலர்ந்த பருத்தித் துணிகள் தொங்கவிட்டோம். கழுவிய கையைத் துடைத்துக் காய வைப்பதற்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் அவரே வாங்கிக் கொடுத்தார்.

சிவகாசியில் லேபிளுக்கு ஆர்டர் கொடுத்தோம். தீபாவளி சீசன், புதுப் படம் போட நேரமில்லை என்று கையில் இருந்த தீப்பெட்டிப் பட அச்சு பிளாக்கையே போட்டு மாதிரி அனுப்பினார்கள். பால் டின்னுக்கு உறுமுகிற புலி. விஷ உப்புக்குச் சிரிக்கிற பாப்பா. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுச் சிவகாசிக்கே கிளம்பிப் போனார். நடந்துதான் போனார், நொண்டிக்கொண்டு.

இதெல்லாம் கம்பெனி செய்த ஏற்பாடு. குருவம்மா செய்த ஏற்பாடு தனி.

கஞ்சி கொட்டிய மறுநாளே பத்து மணிக்கு வந்தாள். உலர்ந்த கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். முகர்ந்தேன். கார்பாலிக். தலையாட்டினேன். பிறகு ஒரு டம்ளரில் கஞ்சியை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

“குடிங்க, சிஸ்டர்.”

“எனக்குப் பால் ஆகாது, குருவம்மா.”

“மொத டம்ளர் நீங்க குடிக்கணும். நாங்க பாக்கணும். அப்பறந்தான் புள்ளைகளுக்கு.”

சுற்றிலும் பார்த்தேன். பதினோரு அம்மாக்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பேச்சியம்மாள் அந்த வருஷத்திலேயே முதல் தடவையாகப் பெருமூச்சு விடாமல் நின்றாள். குடித்தேன். கண்ணில் நீர் வந்தது. பால் வாடையால் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும். ஒருநாள் தலைவலி என்று டம்ளரைப் பேச்சியம்மாள் பக்கம் தள்ளிப் பார்த்தேன். “பேரைக் கழுவுனவுகதான் குடிக்கணும்” என்றாள் குருவம்மா. அப்புறம் தள்ளவில்லை.

அவளிடம் அந்த ஒரு வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். வையத் தெரிந்த வாய்க்கு அது வரவில்லை. கஞ்சியை மட்டும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

பொன்னுத்தாய் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயது வந்தது. தொட்டில் ரூமில் அவளுக்குக் கடைசி நாள். அன்றைக்கு டம்ளரை அவள்தான் தூக்கி வந்தாள், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல்.

“கழுவிட்டேன்” என்று கையைக் காட்டினாள். “குடிங்க.”

குடிக்க ஆரம்பித்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி டம்ளரில் எனக்குக் குமட்டியது. நிறுத்தி மூச்சு விட்டேன்.

வாசலில் நின்ற குருவம்மா, “போதும், சிஸ்டர். மிச்சத்த வச்சிருங்க” என்றாள்.

நான் வைக்கவில்லை.